வாயைக் கழற்றிய புதன்கிழமை

திருமூர்த்தியின் வாய் உப்பிக்கொண்டு வந்தது.

முகத்தில் இருக்கிற வாயைச் சொல்லவில்லை. அது ஒன்பது வருஷமாகச் சோறு தின்னவும் கொட்டாவி விடவும்தான் பயன்பட்டுவந்தது. பேசுகிற வாய் மேஜைமேல் இருந்தது. கறுப்பு நிறம், பதினான்கு அங்குலம், லேப்டாப். அதன் அடிவயிற்றில் பேட்டரி வீங்கிவிட்டது. பத்து நாளாக அது ஒழுங்காக உட்காரவில்லை. ஒரு மூலையை அமுக்கினால் எதிர்மூலை எழுந்தது. 'ஆமாம்' என்கிற பச்சை விசையைத் தட்டும்போதெல்லாம் மொத்த இயந்திரமும் ஊஞ்சல் ஆடியது. சார்ஜ் ஏற்றினால் கொதித்தது. ஏற்றாவிட்டால் இருபது நிமிஷத்தில் மயக்கம் போட்டது.

திருமூர்த்தியும் ஒழுங்காக உட்காரவில்லை. ஹாலிலிருந்து பால்கனி, பால்கனியிலிருந்து ஹால் என்று நடந்துகொண்டிருந்தார். வலது கால் கொஞ்சம் இழுக்கும். ஒவ்வொரு சுற்றிலும் மேஜையருகே நின்று, பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல லேப்டாப்பின் அடியில் கைவைத்துப் பார்த்தார்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் காந்திபுரத்தில் ஒரு ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தபோது, "ரவுண்டானால லெஃப்ட் எடுங்க" என்று சொல்ல வாயெடுத்தார். 'ரவுண்டானா' வரைக்கும்தான் வந்தது. அந்த நொடியில் மூளையில் ஏதோ ஒரு ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. வலது கை போயிற்று. அதோடு ஐம்பது வருஷமாகச் சேர்த்துவைத்த பேச்சு மொத்தமும் போயிற்று. கடைசியாக நாக்கில் நின்ற அந்த ஒரு சொல் மட்டும் மிச்சம். பசித்தாலும் ரவுண்டானா, பல் வலித்தாலும் ரவுண்டானா. இப்படி ஒரே ஒரு சொல் மிஞ்சுவது உண்டு என்று டாக்டர் சொன்னார். சிலருக்குக் கெட்ட வார்த்தை மிஞ்சுமாம். அதுவாவது மிஞ்சியிருந்தால் அப்பார்ட்மெண்ட் சங்கக் கூட்டத்தில் உபயோகப்பட்டிருக்கும் என்று திருமூர்த்தி பின்னாளில் நினைத்ததுண்டு. எழுதிக் காட்டலாமே என்று கேட்பார்கள். இடது கையில் பேனாவைக் கொடுத்தால் எழுத்துகளும் நூல்கண்டு மாதிரி சிக்கிக்கொண்டன. படிக்க முடியும், கேட்டால் புரியும், உள்ளே எல்லாம் அப்படியே இருக்கிறது. வெளியே வரும் வாசலில்தான் அடைப்பு.

லேப்டாப் அந்த அடைப்பைச் சுற்றிக்கொண்டு போக ஒரு வழி கண்டுபிடித்திருந்தது. அந்தக் காலத்து லேப்டாப் எல்லாவற்றிலும் பழக்கச் சில்லு என்று ஒன்று இருந்தது. சொந்தக்காரரின் கண் எங்கே போகிறது, புருவம் என்ன செய்கிறது, 'ரவுண்டானா'வை எங்கே இழுக்கிறார், எங்கே வெட்டுகிறார் என்று தினம் தினம் பார்த்துக் கற்றுக்கொள்ளும். பிறகு, இதைத்தானே சொல்ல நினைத்தீர்கள் என்று மூன்று வாக்கியங்களைத் திரையில் வரிசையாகக் காட்டும். வேண்டியதற்குப் பச்சை விசை, வேண்டாததற்குச் சிவப்பு. பச்சையைத் தட்டினால் திருமூர்த்தியின் பழைய குரலிலேயே ஸ்பீக்கர் பேசும்.

மனைவி சாந்தாமணி கம்பெனிக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் வைத்தாள். நிரஞ்சனா என்ற பெண் எடுத்தாள்.

"மேடம், அந்த மாடலுக்கு பேட்டரி இப்ப வர்றதில்லைங்க. மிஷினைக் குடுத்துட்டுப் புதுசு எடுத்துக்கலாம்."

"எடுத்துக்கறேனுங்க. இதுக்குள்ளாற அவரு பேச்சு இருக்குதே, அது?"

"பழக்கச் சில்லை வேற மிஷினுக்கு மாத்த முடியாதுங்க மேடம். எங்ககிட்ட வந்ததும் அழிச்சிருவோம். உங்க பாதுகாப்புக்குத்தான். யாராச்சும் திருடி, சாரை மாதிரியே பேசிட்டா?"

"அவரு மாதிரி பேசறதுக்கு யாருங்க திருடுவாங்க? அவரே வேற வழியில்லாம பேசிட்டு இருக்காரு."

நிரஞ்சனாவுக்குச் சிரிப்பு வந்தது. வேலை நேரம் என்பதால் இருமலாக மாற்றிக்கொண்டாள்.

"புதுசு பழக எத்தனை நாளாகும்?"

"சராசரியா பதினெட்டு மாசமுங்க."

"நாங்களே மூடியைக் கழட்டி பேட்டரியை மட்டும் மாத்திக்கிட்டா?"

குரல் உடனே சட்டப்புத்தகம் ஆயிற்று. "மேடம், முத்திரைச் சட்டப்படி வீட்ல திறக்கக்கூடாதுங்க. திறந்தாலும் பிரயோஜனமில்லை. உள்ளே ஒரு கண்ணு இருக்கு. வெளிச்சம் பட்ட நொடியே சில்லைத் தானா அழிச்சிரும். வேற ஏதாவது உதவி வேணுங்களா மேடம்?"

சாந்தாமணி கணவரைப் பார்த்தாள். அவர் பால்கனிக்கும் ஹாலுக்கும் நடுவில் நின்றுவிட்டிருந்தார்.

இதில் சிரிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. திருமூர்த்தியே அதற்கு முதல் ஆளாகச் சிரிப்பார். அவர் இருபது வருஷம் கிராஸ்கட் ரோட்டில் லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருந்தவர். கண்ணைக் கட்டிவிட்டாலும் எந்த மாடலையும் கழற்றிப் பூட்டுவேன் என்று பீற்றிக்கொண்டவர். முத்திரைச் சட்டம் வந்து கடையை மூடியது. மறு வருஷம் மூளை தன் பங்குக்குக் கதவைச் சாத்தியது. இப்போது அவர் வாயே ஒரு லேப்டாப். அதைக் கழற்றத் தெரிந்த ஒரே ஆள் அந்த வீட்டில் அவர்தான். கழற்றக் கை இல்லாத ஒரே ஆளும் அவர்தான்.

அன்று சாயங்காலம் மேஜை எதிரே உட்கார்ந்து, பூஜை அறைப் பக்கம் கண்ணைக் காட்டி, "ரவுண்டானா" என்றார். நாலைந்து சிவப்புக்குப் பிறகு சரியான வாக்கியம் வந்தது. பச்சையைத் தட்டினார்.

"பூஜை ரூம்ல வெச்சுத் தொறக்கலாம்" என்றது ஸ்பீக்கர்.

"சாமி கும்பிட்டாச் சரியாயிருமுங்களா?"

"சாமி வேண்டாம், சாமிக்குப் போட்ட செவப்பு பல்பு போதும். அந்தக் கண்ணுக்குச் செவப்பு தெரியாது. கடையை மூடறதுக்கு முன்னால நாலு பேரு இப்படித்தான் திருட்டுத்தனமாத் தொறந்துட்டு இருந்தோம்."

சாந்தாமணி பூஜை அறையின் சிவப்பு ஜீரோ வாட்ஸ் பல்பையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். "இதை எப்பவாச்சும் முன்னாலயே சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல" என்று முணுமுணுத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். பாவம், பயந்துவிட்டாள் என்று திருமூர்த்தி நினைத்துக்கொண்டார்.

பேட்டரிக்கு டவுன்ஹால் பக்கம் ஒரு பழைய தொழில்காரர் கிடைத்தார். பேர் எதுவும் அச்சடிக்காத அட்டைப்பெட்டியில் கொடுத்தனுப்பினார். நாலு நாளாகத் திருமூர்த்தி சொல்லச் சொல்ல, சாந்தாமணி காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் எழுதினாள். மொத்தம் பதினெட்டு படி. சார்ஜ் முக்கால்வாசி இறங்கிய பிறகுதான் கைவைக்க வேண்டும். வளையலைக் கழற்ற வேண்டும். பீரோவைத் தொட்டு உடம்பில் இருக்கிற மின்சாரத்தை இறக்க வேண்டும். கத்தி, கரண்டிக்காம்பு எதையும் பேட்டரி பக்கம் கொண்டுபோகக்கூடாது. ஓட்டை விழுந்தால் தீ. ஒட்டிய பேட்டரியை நெம்பக்கூடாது. அடியில் நைலான் நூலைக் கொடுத்து அறுக்க வேண்டும். பக்கத்தில் ஒரு வாளி மணல். தண்ணீர் மட்டும் கூடவே கூடாது.

"பதினெட்டாவதுல என்ன எழுதட்டும்?"

"தைரியம்" என்றது ஸ்பீக்கர். அவர் நினைத்தது 'துணியால் துடை'. இருந்தாலும் நன்றாக இருக்கிறதே என்று பச்சையைத் தட்டியிருந்தார்.

புதன்கிழமை காலை பத்தரைக்கு ஆரம்பித்தார்கள். பன்னிரண்டு மணிக்கு ராகுகாலம். அதற்குள் முடித்தாக வேண்டும் என்பது சாந்தாமணியின் சொந்தப் படி, பத்தொன்பதாவது. வளையல்களைக் கழற்றி வைத்தாள். தாலிக்கொடியை ஜாக்கெட்டுக்குள் செருகினாள். திருகாணிகளை வரிசை மாறாமல் போட்டுவைக்கப் பணியாரக்கல்லை எடுத்துவந்தாள். குழிக்கு ஒன்று, கழற்றிய திசைப்படி. தொழிலில் இருந்த இருபது வருஷமும் இது தனக்குத் தோன்றவில்லையே என்று திருமூர்த்திக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

பூஜை அறை அலமாரியைவிடக் கொஞ்சம் பெரிது. சாந்தாமணி சாமி படங்களுக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்தாள், மணைமேல் லேப்டாப், எதிரே கதவில் சாய்ந்து ஸ்டூலில் திருமூர்த்தி. அணைப்பதற்கு முன்னால் கடைசியாக ஒன்று சொல்லலாம் என்று தோன்றியது. "ரவுண்டானா" என்றார். மூன்று வாக்கியம் வந்தது. 'பாத்துப் பண்ணு.' 'பயமா இருக்குது.' 'நீ இருக்கறப்ப எனக்கென்ன.' இரண்டாவதுதான் உண்மை. மூன்றாவதைத் தட்டினார்.

"சரிதான் போங்க" என்று சொல்லி, அவள் அவர் வாயை அணைத்தாள்.

பச்சை இல்லை, சிவப்பு விசை இல்லை. இருட்டில் ஒரு சின்னச் சிவப்பு பல்பு, இரண்டு மூச்சு. இனி என்ன தப்பு நடந்தாலும் அவரிடம் இருப்பது ஒரே ஒரு எச்சரிக்கைதான். அதுவும் ஆட்டோக்காரருக்குச் சொல்ல வேண்டியது.

முதல் ஆறு திருகாணியும் குழிக்குக் குழி விழுந்தன. அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. ஏழாவது திருகாணி ஒன்று உண்டு! பின்பக்க ரப்பர் காலுக்கு அடியில் ஒளிந்திருக்கும். அதைப் பட்டியலில் சொல்ல மறந்துவிட்டார். அதைக் கழற்றாமல் மூடியை நெம்பினால் உடையும்.

"ரவுண்டானா! ரவுண்டானா!"

"கத்தாதீங்க, கை தவறிரும்" என்றாள் சாந்தாமணி. சொல்லிக்கொண்டே கொண்டை ஊசியால் ரப்பர் காலை நெம்பி எடுத்து, ஏழாவது திருகாணியைக் கழற்றி, ஏழாவது குழியில் போட்டாள்.

திருமூர்த்தி வாயை மூடினார். இவளுக்கு எப்படித் தெரியும்?

பிளாஸ்டிக் கார்டை எடுத்தாள். புதிதாகக் கழற்றுகிறவர்கள் எல்லோரும் இடது மூலையில் ஆரம்பிப்பார்கள். அங்கே இருக்கிற கொக்கி உடையும். அவள் வலது மூலையில் ஆரம்பித்தாள். மூடி 'டக் டக்' என்று வரிசையாக விட்டுக்கொடுத்து, முனகாமல் எழுந்து வந்தது. அவர் கடையில் ரெண்டு வருஷம் வேலை பார்த்தவர்களுக்கே அந்தக் கை வராது.

உள்ளே பேட்டரி பொரித்த அப்பளம் மாதிரி உப்பிக் கிடந்தது. அவள் முதலில் அதன் இணைப்பைப் பிடுங்கினாள். பத்தாவது படி, சரி. திருமூர்த்தி குனிந்து, பழைய பழக்கத்தில் மற்ற இடங்களைக் கண்ணால் மேய்ந்தார். மின்விசிறி, சில்லு, அதன்மேல் கடுகளவு கண்ணாடிக் கண். எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. இருக்கக்கூடாத ஒன்றும் இருந்தது. மின்விசிறிக்கும் பேட்டரிக்கும் நடுவே ஒரு அரிசி.

பொன்னி அரிசி. இந்த ஊரில் எந்த லேப்டாப் நனைந்தாலும் நேரே அரிசி டப்பாவுக்குப் போகும், பிறகு அவர் கடைக்கு வரும். அவர் கழற்றிய இயந்திரங்களில் கிடைத்த அரிசியைச் சேர்த்திருந்தால் ஒரு பொங்கலே வைத்திருக்கலாம். அரிசி தானாக உள்ளே வராது. வந்த அரிசியைத் திறக்காமல் எடுக்கவும் முடியாது.

அரிசியைச் சுட்டிக்காட்டினார். "ரவுண்டானா?"

சாந்தாமணி பேட்டரியின் அடியில் நைலான் நூலைக் கொடுத்து அறுக்க ஆரம்பித்திருந்தாள். நிறுத்தினால் நூல் சிக்கும், வேகமாக இழுத்தால் கிழியும். அதனால் அவள் நிமிரவில்லை.

"ஒண்ணு விட்டுப்போச்சா. அத்தனையும் பொறுக்கிட்டேன்னுதான் நெனைச்சேன்."

நூல் இந்தப் பக்கம் போயிற்று, அந்தப் பக்கம் வந்தது.

"மூணு வருசத்துக்கு முன்னால உங்களுக்கு நிமோனியா வந்து ஐ.சி.யூ.ல போட்டாங்கல்ல. அன்னிக்குச் சேத்துட்டு வீட்டுக்கு வந்தேன். உங்களுக்கு இதை எடுத்துட்டுப் போகலாம்னு. எடுக்கற அவசரத்துல கை பட்டு, சொம்புத் தண்ணி அப்படியே இதுமேல சாஞ்சிருச்சு. அரிசி டப்பாவுக்குள்ள வெச்சேன். எல்லாரும் அதைத்தான செய்யறாங்க. ரெண்டு நாள் கழிச்சு எடுத்தா உள்ளாற கலகலங்குது, உண்டியல் மாதிரி. சரி, அரிசியைக் கொட்டிட்டு மூடிரலாம்னு கழட்டினேன். நீங்க கடையில கழட்டறதைப் பாத்திருக்கேனே. ஹால்லதான். பட்டப்பகல், டியூப்லைட்டும் எரியுது."

திருமூர்த்தி சட்டென்று சில்லின் மேலிருந்த கண்ணாடிக் கண்ணைப் பார்த்தார்.

"உள்ளாற கண்ணு இருக்குதுன்னு எனக்கு யாரு சொன்னா? மறுபடி மாட்டி ஆன் பண்ணா, 'வணக்கம். உங்கள் பெயர் என்ன?'ங்குது."

அவள் மூக்கை உறிஞ்சினாள். நூல் நிற்கவில்லை.

"நீங்க அங்க மூக்குல குழாயோட கெடக்கறீங்க. வந்து இதைப் பாத்தா என்ன ஆவீங்க? ஆஸ்பத்திரில லேப்டாப் விடமாட்டாங்கன்னு உங்ககிட்டப் பொய் சொன்னேன். நெசமா விடுவாங்க. பக்கத்துப் படுக்கைக்காரரு படமே பாத்துட்டு இருந்தாரு. இருபத்தொரு நாள், விடியக்காலம் ஆறு மணிக்கு இதும்முன்னால உக்காருவேன். உங்க கண்ணாடியைப் போட்டுக்குவேன், உங்க துண்டை மேல போட்டுக்குவேன். கேமரா நம்போணுமே. வாயை இப்படிக் கோணிக்கிட்டு 'ரவுண்டானா'ம்பேன். பசிக்கற ரவுண்டானா, கோவத்து ரவுண்டானா, கரண்ட்டு போன ரவுண்டானா. அப்புறம் அதுக்கு நீங்க என்ன சொல்லுவீங்கன்னு நெனைச்சு, நானே டைப் அடிச்சுப் பச்சையைத் தட்டுவேன்."

அந்தக் காட்சியை நினைத்துப் பார்த்த திருமூர்த்திக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பதினெட்டு மாசம் ஆகும் என்று கம்பெனிக்காரி சொன்ன வேலை.

அவர் முகத்தைப் பார்க்காமலே அவள் சொன்னாள்: "மிஷினுக்குத்தானுங்க அத்தனை மாசம். அது புதுசாத் தெரிஞ்சுக்கோணும். எனக்கு உங்களைத் தெரியுமில்ல."

திருமூர்த்தி ஸ்டூலில் நெளிந்தார். மூன்று வருஷம் பின்னோக்கி ஓடி, ஒவ்வொரு வாக்கியமாகப் புரட்டிப் பார்த்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு, அவர் எவ்வளவு நல்ல மனுஷனாகிவிட்டார்! சாந்தாமணியின் அண்ணன் கிட்டுசாமியோடு பதினோரு வருஷமாகப் பேச்சு இல்லை. ஒரு கல்யாணப் பந்தியில் தன்னைக் கவனிக்கவில்லை என்று திருமூர்த்தி போட்ட சண்டை. வந்த முதல் மாதத்திலேயே திரை, "மச்சான், தப்பு எம்பேர்லதான்" என்று எடுத்துக்கொடுத்தது. தட்டலாமா என்று யோசித்தார், தட்டினார், கிட்டுசாமி கட்டிப்பிடித்து அழுதார். தன் மனம் இளகியதற்குத் திருமூர்த்தி நிமோனியாவுக்கு மனசுக்குள் நன்றி சொல்லியிருந்தார்.

"எங்கண்ணன் சமாச்சாரம் மட்டும் என் சுயநலமுங்க" என்றாள் அவள், அதே நேரம் அதே இடத்துக்கு வந்து. "மத்ததெல்லாம் நேர்மையாத்தான் போட்டேன். உங்க வாய்த்துடுக்குகூடக் கொறைக்கலை."

அப்போதுதான் அவருக்கு இன்னொன்று உறைத்தது. போன வருஷம் சங்கக் கூட்டத்தில் லிஃப்டைப் பற்றி அவர் அடித்த ஜோக்கு. அறுபது வீட்டுக்காரர்களும் சிரித்து, செயலாளர் ராஜினாமா வரைக்கும் போன ஜோக்கு. இன்றுவரை நடைப்பயிற்சியில் அதைச் சொல்லி அவர் முதுகில் தட்டுகிறார்கள். அது யாருடையது? திரையில் வந்தது, பிடித்தது, தட்டினார். தன்னை மன்னிப்புக் கேட்கவைத்ததுகூடப் பெரிதாகப் படவில்லை. அந்த ஜோக்கைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும் என்பதுதான் நெஞ்சைப் பிடித்தது. ஊரார் சிரித்தது தன்னைப் பார்த்து. சிரிக்கவைத்தவள் பின்வரிசையில் உட்கார்ந்து, எல்லோரோடும் சேர்ந்து கை தட்டிக்கொண்டிருந்தாள்.

கோபம் வந்தது. எழுந்து நடக்க வேண்டும்போல் இருந்தது. அந்த அறையில் நடக்க இடமில்லை, கதவைத் திறந்தால் வெளிச்சம். கால் மட்டும் தாளம் போட்டது.

நூல் மறுபுறம் வெளியே வந்தது. பேட்டரி 'பொத்' என்று ஒரு பெருமூச்சோடு விட்டுக்கொடுத்தது. இருவரும் அசையவில்லை. ஏதாவது வாடை வருகிறதா என்று மூக்கை நீட்டினார்கள். ஊதுவத்தி வாடைதான். சாந்தாமணி அதை இரண்டு கையாலும் பிறந்த குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கி மணல் வாளிக்குள் இறக்கி, மேலே மணலைத் தள்ளினாள். பிறகு புதிய பேட்டரியைப் பொருத்தி, இணைப்பை அமுக்கினாள். 'டிக்.'

மூடியைப் போடவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏனுங்க. உங்க தலைக்குப் பக்கத்துலதான் டியூப்லைட் சுவிட்ச் இருக்குது. வேண்டாம்னா போட்டு விட்டுருங்க. ஒரு நொடியில எல்லாம் போயிரும். மொதல்ல இருந்து நீங்களே சொல்லிக் குடுங்க. ஒண்ணரை வருசம் ஆனா ஆகட்டும். நான் பக்கத்துல வரமாட்டேன், ஒரு வார்த்தை எடுத்துக் குடுக்கமாட்டேன். இந்தத் தடவை முழுசா உங்களுதா இருக்கட்டும்."

திருமூர்த்தியின் இடது கை எழுந்தது. சுவிட்சின் மேல் விரல் நின்றது. மணைமேல் திறந்து கிடந்த கடுகளவு கண்ணாடிக் கண் ஒன்றும் அறியாமல் சிவப்பில் மினுங்கியது. ஒரு தட்டு போதும். பதினெட்டு மாசம் ஊமை; அதன்பிறகு வருகிறவன் முரடனோ மொக்கையோ, அசல் திருமூர்த்தியாக இருப்பான். ஜோக்குகள் கொஞ்சம் சுமாராக இருக்கும். இருக்கட்டுமே.

ஆனால் அவரிடம் ஒரு கேள்வி வந்து நின்றுகொண்டிருந்தது. பதினெட்டு மாசம் காத்திருக்காது போலிருந்தது, பதினெட்டு நிமிஷம்கூட. இப்போதே கேட்டாக வேண்டும்.

கையை இறக்கினார். மூடியைப் பார்த்துத் தலையசைத்தார்.

அவள் மளமளவென்று பூட்டினாள். ஏழு குழியும் காலியாயின. பன்னிரண்டு மணிக்குப் பதினோரு நிமிஷம் இருக்கும்போது, மடிந்து கிடந்த திரையை நிமிர்த்திப் பொத்தானை அமுக்கினாள். லேப்டாப் ஆடாமல் உட்கார்ந்தது. திரை எரிந்தது. "வணக்கம், திருமூர்த்தி" என்றது. பெயர் கேட்கவில்லை. 

திருமூர்த்தி முன்னால் குனிந்தார். கேட்க நினைத்தது சின்ன விஷயம்தான். இருபத்தொரு நாள் காலையில் தனியாக உட்கார்ந்து, நானாகப் பேசி, எனக்கான வார்த்தையையும் நீயே தேடி, பிறகு பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்கு வந்து ஒன்றும் நடக்காததுபோல எனக்குக் கஞ்சி ஊற்றினாயே, அப்போது உனக்கு எப்படி இருந்தது? அவ்வளவுதான்.

"ரவுண்டானா" என்றார், மெதுவாக.

திரையில் மூன்று வாக்கியம் வந்தது. 'பரவாயில்லை விடு.' 'எனக்குக் கோவமே இல்லை.' 'காபி கிடைக்குமா?'

சிவப்பைத் தட்டினார்.

'நீ செய்தது சரிதான்.' 'ரொம்ப சாமர்த்தியக்காரி.' 'தலை வலிக்குது.'

சிவப்பு.

அடுத்த மூன்றில் ஒரு ஜோக்கு இருந்தது. நல்ல ஜோக்குதான், சங்கத்தில் எடுபடும். சிவப்பு.

நாலாவது முறை திரை கொஞ்ச நேரம் வெறுமையாக இருந்தது. பிறகு ஒரே வரி: 'இது என் பழக்கத்தில் இல்லை. மீண்டும் சொல்லுங்கள்.'

இந்த வரியை அவர் மூன்று வருஷத்தில் பார்த்ததே இல்லை. பசி, கோபம், பாராட்டு, மன்னிப்பு, கிண்டல் என்று அவர் சொல்லக்கூடிய எல்லாவற்றையும் யோசித்து யோசித்துச் சொல்லிக்கொடுத்தவளுக்கு, அவளைப் பற்றி அவர் ஒன்று கேட்பார் என்று மட்டும் தோன்றவே இல்லை. அது யார் குற்றம் என்று திருமூர்த்திக்குத் தெரிந்தது. கல்யாணமான முப்பத்திரண்டு வருஷத்தில், பேச்சு இருந்த காலத்தையும் சேர்த்து, அவர் கேட்டதில்லை.

சாந்தாமணி திரையைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

"இது என்னது புதுசா? கெட்டுப்போச்சா?" அவர் முகத்தைப் பார்த்தாள். "இல்ல, நீங்கதான் புதுசா ஏதோ சொல்றீங்க. இன்னொருக்கா சொல்லுங்க."

"ரவுண்டானா?"

"கோவமில்ல. பசியுமில்ல." புருவத்தைச் சுருக்கினாள். "கேள்வியா?"

ஆமாம் என்று தலையாட்டினார்.

"யாரைப் பத்தி?"

திருமூர்த்தி இடது கையைத் தூக்கி, விரலை நீட்டி, நேராக அவளைக் காட்டினார்.

சாந்தாமணி அந்த விரல் போன திசையிலேயே தலையைத் திருப்பினாள். பின்னால் சிவப்பு வெளிச்சத்தில் முருகன், மாரியம்மன், ஏழுமலையான், பிள்ளையார் எல்லோரும் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள்.

"எந்தச் சாமியைச் சொல்றீங்க?" என்று கேட்டாள்.